ஆயிரம் ரூபாய் எந்த வேலைக்குப் போகிறது?

முதலில் சில்லறைச் செலவு. கன்னிவாடியில் பிளஸ் டூ முடித்த பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பதற்கு முன்னால் வீட்டார் இ-சேவை மையத்துக்குப் போயாக வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. ஒவ்வொன்றுக்கும் மையக் கட்டணம் ரூ.60, மூன்றுக்கும் சேர்த்து ரூ.180. மனு வி.ஏ.ஓ.விடம் போய், வருவாய் ஆய்வாளரைத் தாண்டி, தாலுகா அலுவலகத்தில் ஒப்புதலாகித் திரும்பும். வருமானச் சான்றுக்கு ஆயுள் ஒரு வருடம்தான். படிக்கும் காலம் முழுக்க வருடா வருடம் இன்னொரு அறுபது ரூபாய்.

இந்தச் சான்றுகளிலும் உதவித்தொகை மனுக்களிலும் எல்லாமே கேட்கப்படுகிறது. என்ன சாதி, அப்பா அம்மாவுக்கு என்ன வருமானம், வீட்டில் இதற்கு முன் யாராவது பட்டம் வாங்கியிருக்கிறார்களா, ஆறாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளி, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு எது. படித்து முடித்து என்ன வேலைக்குப் போவதாக உத்தேசம் என்று மட்டும் எந்தக் கட்டமும் கேட்பதில்லை. கேட்கத்தான் வேண்டுமா, கேட்டால் என்ன செலவாகும் என்று கூட்டிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

கன்னிவாடியை இதற்கு எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. பழனி மலையடிவாரத்துப் பேரூர். மேலே ஆடலூர், பன்றிமலை. அதற்கும் மேலே தாண்டிக்குடி, கொடைக்கானல். பக்கத்தில் ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட். கிழக்கே திண்டுக்கல், வேடசந்தூர் நூற்பாலைகள். மலைமேல் விடுதி வேலை, அடிவாரத்தில் தோட்ட வேலை, சமவெளியில் மில் வேலை என்று மூன்றும் பஸ் ஏறினால் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆக, படிப்புக்கு அரசு கொடுக்கும் பணமும் ஊரைச் சுற்றியுள்ள வேலையும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றனவா என்று சோதிக்க இது நல்ல இடம்.

பெரிய தொகையிலிருந்து தொடங்கலாம். 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்த மாணவி பட்டமோ, பட்டயமோ, ஐ.டி.ஐ.யோ படித்து முடிக்கும்வரை மாதம் ரூ.1,000. அதற்கு முன் இந்தப் பணம் வேறு உருவில் இருந்தது. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் கடைசிக் காலத்தில் பட்டம் படித்த பெண்ணுக்கு ரூ.50,000 பணமும் தாலிக்கு எட்டு கிராம் தங்கமும் தந்தது. கல்யாணத்துக்குப் போன பணத்தைப் படிப்புக்குத் திருப்பியது நல்ல முடிவு என்பதே என் கருத்து. தங்கம் விற்கும் விலையைப் பார்த்துவிட்டு ‘அந்தப் பவுனே இருந்திருக்கலாம்’ என்று சொல்லும் அம்மாக்களும் உண்டு என்பது வேறு விஷயம்.

2022–23 பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கியது ரூ.698 கோடி. வருடத்துக்கு ஆறு லட்சம் மாணவிகள் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 2024–25 பட்ஜெட் உரையில் சொன்ன எண்ணிக்கை 2.73 லட்சம், ஒதுக்கீடு ரூ.370 கோடி. அதே பட்ஜெட்டில் பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம், ரூ.360 கோடி. 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கியபோது 3.28 லட்சம் மாணவர்கள் கணக்கில் இருந்தார்கள். இரண்டும் சேர்ந்து ரூ.730 கோடி, ஆறு லட்சம் பிள்ளைகள்.

இந்தப் பணத்துக்கு வேலைக் கணக்கு எதுவும் கிடையாது. தமிழ் இலக்கியம் படித்தாலும் ஆயிரம், வெல்டர் பிரிவில் சேர்ந்தாலும் ஆயிரம், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றாலும் அதே ஆயிரம். நோக்கம் பெண்ணையும் பையனையும் படிப்பில் நிறுத்தி வைப்பது மட்டுமே, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், இந்தியாவின் சராசரி 28.4. சேர்ப்பதில் நாம் ஜெயித்துவிட்டோம்.

சேர்ந்து முடித்த பிறகு? 2024இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லி மனித மேம்பாட்டு நிறுவனமும் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் ஒரு ஜோடி எண் இருக்கிறது. 2022இல் இந்திய இளைஞர்களில் பட்டதாரிகளின் வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுடையது 3.4 சதவீதம். படிக்காதவன் கிடைத்த கூலிக்குப் போகிறான், படித்தவன் காத்திருக்கிறான் என்பதுதான் இதன் பொருள். படிப்பு வீண் என்பதல்ல. ஆனால் காத்திருக்கும் மாதங்களுக்கான செலவு முழுக்க வீட்டார் தலையில் விழுகிறது. ஆயிரம் ரூபாய் கடைசித் தேர்வோடு நின்றுவிடும்.

இனி படிப்புவாரியாகப் போடுவோம். வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்று கணக்கிட்ட அதிகபட்சத் தொகை இது.

பி.ஏ., மூன்று வருடம்: 36 மாதம் × ரூ.1,000 = ரூ.36,000.
அரசு ஐ.டி.ஐ., எலக்ட்ரீஷியன், இரண்டு வருடம்: உதவித்தொகை ரூ.750, அதோடு ரூ.1,000, 24 மாதம் × ரூ.1,750 = ரூ.42,000.
அரசு ஐ.டி.ஐ., வெல்டர், ஒரு வருடம்: ரூ.21,000.
பி.இ., நான்கு வருடம், முதல் பட்டதாரி: கட்டணச் சலுகை வருடம் ரூ.25,000 வீதம் ரூ.1,00,000, மாத ஆயிரம் ரூ.48,000, ஆக ரூ.1,48,000.

மாதத்துக்குப் பிரித்தால் பி.ஏ.வுக்கு ரூ.1,000, ஐ.டி.ஐ.க்கு ரூ.1,750, பொறியியலுக்கு ரூ.3,083. பி.இ. கணக்கில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் வருகிறவர்களைச் சேர்க்கவில்லை. 2021 முதல் அவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. முதல் பட்டதாரிச் சலுகை 2010இல் வந்தது. கலந்தாய்வில் சேர்ந்தால் போதும். சிவிலா, மெக்கானிக்கலா, கம்ப்யூட்டரா என்று அது பார்ப்பதில்லை. வேலை எங்கே இருக்கிறது என்று இங்கே தீர்மானிப்பது அரசு அல்ல, கலந்தாய்வில் முதல் நாளே எந்தப் பிரிவு நிரம்புகிறது என்பதுதான்.

ஐ.டி.ஐ.க்குக் கூடுதலாக 750 கொடுப்பது சரியான திசை. சைக்கிள், சீருடை, காலணி, புத்தகம், வரைபடக் கருவி, பஸ் பாஸ் எல்லாம் இலவசம். ஆனால் இதே அரசின் இன்னொரு துறை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் மாணவர்களுக்கான உதவித்தொகை அறிவிப்பு வருடந்தோறும் மாவட்ட ஆட்சியர்கள் பெயரில் பத்திரிகைகளில் வரும். அதில் சொல்வது: அரசு, அரசு உதவி பெறும் கல்லூரியில் மூன்றாண்டு இளங்கலைப் பட்டப்படிப்புக்கு எந்த நிபந்தனையும் இல்லை. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.2,50,000க்கு மேல் போகக் கூடாது.

கணவன் மனைவி இருவரும் மில்லுக்குப் போகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு நாள் கூலி ரூ.400, மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் ஒருவருக்கு மாதம் ரூ.10,400, வருடம் ரூ.1,24,800. இருவருக்கும் ரூ.2,49,600. உச்சவரம்புக்கு ரூ.400 கீழே, அதாவது ஒருவர் ஒரு நாள் கூலி. மில் முதலாளி மனமிரங்கி ஆளுக்கு நாளைக்கு ஒரே ஒரு ரூபாய் ஏற்றிக் கொடுத்தால் வருடத்துக்கு ரூ.624 கூடும், தொகை ரூ.2,50,224 ஆகிவிடும். பிள்ளை பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிப்பவனாக இருந்தால் அன்றோடு உதவித்தொகை போச்சு. பி.ஏ. வரலாறு படிப்பவனாக இருந்தால் ஒன்றும் ஆகாது.

யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். இளங்கலை என்பது சாமானியர் படிப்பு, தொழிற்படிப்பு என்பது வசதியானவர் படிப்பு என்ற பழைய எண்ணத்தில் எழுதிய விதியாக இருக்கும். இன்றைக்கு நிலைமை தலைகீழ். பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக் போகிற பிள்ளைதான் பெரும்பாலும் கூலி வீட்டுப் பிள்ளை.

ஆதிதிராவிட மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையிலும் இதே சாய்வு தெரிகிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஐந்தாண்டுக்கு ரூ.59,048 கோடி என்று இதை மாற்றி அமைத்தது. மத்திய அரசின் பங்கு 60 சதவீதம். கட்டணம் தனி. அதற்கு மேல் கையில் கிடைக்கும் வருடப் படி, வீட்டிலிருந்து போய்வரும் மாணவருக்கு இப்படி: பொறியியல், மருத்துவம் போன்றவை ரூ.7,000, நர்சிங், ஹோட்டல் மேனேஜ்மென்ட் போன்றவை ரூ.6,500, சாதாரணப் பட்டப்படிப்பு ரூ.3,000, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் ரூ.2,500. கடைசி வகுப்புக்கு மாதம் ரூ.208. ஐ.டி.ஐ. பையனுக்குப் பஸ் பாஸ் இலவசம், பசிக்கு இலவசம் இல்லையே. காலை எட்டு மணிக்குப் பட்டறைக்குள் நுழைந்து மாலை வரை இரும்பு அறுக்கிறவனுக்கு, வகுப்பறையில் உட்கார்ந்து நோட்டு எழுதுகிறவனைவிட ஐந்நூறு ரூபாய் குறைவு. கொடைக்கானல் விடுதிகளை நினைத்து ஹோட்டல் மேனேஜ்மென்டுக்கு மேல் வகுப்பு கொடுத்ததாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதே விடுதியின் ஜெனரேட்டரையும் தண்ணீர் மோட்டாரையும் பார்த்துக்கொள்ள வருகிறவன் கடைசி வகுப்பில் இருக்கிறான்.

சாப்பாடு என்றதும் இன்னொரு எண். அரசு விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான உணவுப்படி 2023இல் ரூ.1,100லிருந்து ரூ.1,500 ஆனது. நாளைக்கு ஐம்பது ரூபாய், மூன்று வேளைக்கும்.

இயந்திரத்துக்கு மட்டும் தாராளம். 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து தொழில் 4.0 தரத்துக்கு உயர்த்தினார்கள். மதிப்பு ரூ.2,877.43 கோடி. பெரும்பங்கு கம்பெனித் தரப்புடையது. ஒரு ஐ.டி.ஐ.க்குச் சராசரி ரூ.40.5 கோடி. ரோபோ, சி.என்.சி., மின்வாகனப் பட்டறை எல்லாம் வந்தன, வரவேண்டியவைதான். ஆனால் ஒரு நிலையத்துக்குப் போன அந்தத் தொகையை மாணவருக்கான ரூ.750 உதவித்தொகையால் வகுத்துப் பாருங்கள்: 45,000 மாணவருக்கு ஒரு வருடம் முழுக்கக் கொடுக்கலாம். இயந்திரத்தை நவீனமாக்கியபோது அதன் முன்னால் நிற்பவனின் படி 750லேயே நின்றுவிட்டது.

இப்போது எதிர்வாதத்துக்கு வருகிறேன். உதவித்தொகையை வேலைவாய்ப்போடு பிணைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் உஷாராகத்தான் கேட்பார்கள். ஏனென்றால் வேலை கொடுக்கிறவரே வடிவமைத்த ஒரு ‘திட்டம்’ இங்கே ஏற்கெனவே நடந்திருக்கிறது. சுமங்கலித் திட்டம், திருமாங்கல்யத் திட்டம், கேம்ப் கூலி என்று பல பெயரில் நூற்பாலைகள் கிராமத்துப் பெண்பிள்ளைகளை அழைத்துப்போயின. மூன்று வருடம் மில் விடுதியில் தங்கி வேலை. முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ரூ.30,000லிருந்து ரூ.50,000 வரை. நடுவில் உடம்பு முடியாமலோ ஊர் நினைப்பிலோ கிளம்பிவிட்டால் அந்த மொத்தத் தொகை கிடையாது. கொடுத்ததும் அவர்கள் கூலியிலிருந்து பிடித்து வைத்த பணம்தான்.

நடுத்தரமாக ரூ.40,000 என்று வைத்து 36 மாதத்தால் வகுத்தால் மாதம் ரூ.1,111. புதுமைப் பெண்ணின் ஆயிரத்துக்கும் இதற்கும் நூற்றுப் பதினொரு ரூபாய்தான் வித்தியாசம். ஒன்றில் பெண் மூன்று வருடம் கழித்துப் பட்டத்தோடு வெளியே வருகிறாள். இன்னொன்றில் பஞ்சுத் தூசி நுரையீரலோடு. ‘தொழில்துறைத் தேவைக்கேற்ற’ என்று யாராவது பேச்சில் தொடங்கினால், யாருடைய தேவை என்று இந்த ஊர்ப்பக்கத்துப் பெண்கள் கேட்க நியாயம் இருக்கிறது. 2019–20 ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் ஆலைகளில் வேலை செய்த பெண்களில் 43 சதவீதம் தமிழ்நாட்டில் இருந்தார்கள். தேவை ஆலைக்கு எப்போதும் இருந்தது. கூலிதான் இல்லை.

வெளிநாட்டில் இதை இரண்டு விதமாகச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 2019இல் கொண்டுவந்த திட்டத்தில் ஆள் பற்றாக்குறை உள்ள படிப்புகளுக்கு அரசு கட்டணம் கட்டும். முடித்தபின் இரண்டு வருடம் அந்த மாநிலத்திலேயே வசிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கடனாக மாறிவிடும். ஜார்ஜியாவில் லாட்டரிப் பணத்தில் 1993 முதல் நடக்கும் ஹோப் உதவித்தொகையோ வேறு வழி பிடித்தது. அடிப்படைத் தொகை எந்தத் தொழிற்பிரிவுக்கும் உண்டு. வெல்டிங், லாரி ஓட்டுதல், நர்சிங் உதவி போன்ற, ஆள் தேவைப்படும் படிப்புகளுக்கு அதன்மேல் ஒரு கூடுதல் தொகை. கட்டிப்போடுவது முதல் வழி, கூட்டிக் கொடுப்பது இரண்டாவது. கன்னிவாடிப் பெண் கோயம்புத்தூருக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போனால் அதைக் கடனாக எழுதுவது அநியாயம். எனக்கு ஜார்ஜியா வழிதான் சம்மதம்.

நம்மிடம் அதற்கான கருவி இல்லாமலில்லை. 1961ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டப்படி முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். நானூறு பேர் உள்ள மில் என்றால் குறைந்தது பத்துப் பேர். 2019 விதிப்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் குறைந்தபட்சம் ரூ.7,000. பத்துப் பேருக்கு வருடம் ரூ.8.4 லட்சம். மத்திய அரசு தலைக்கு மாதம் ரூ.1,500 வரை ஏற்பதால் ரூ.1.8 லட்சம் கழியும். மில்லின் கைச்செலவு ரூ.6.6 லட்சம். அதே விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் ரூ.9,000, அதில் பாதி, ரூ.4,500, மத்திய அரசின் பங்கு. ஒரு வருடத்துக்கு ரூ.54,000. மூன்று வருடம் பி.ஏ. படிக்க மாநிலம் கொடுத்த 36,000ஐவிடப் பதினெட்டாயிரம் அதிகம். அப்ரண்டிஸ் பதிவுப் படிவமும் இ-சேவை மையத்துக்காரர் நிரப்பிவிடக்கூடியதுதான், ஆனால் அதைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. கல்லூரி உதவித்தொகை போல அது ஊர்ப்பேச்சில் இல்லை.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. கன்னிவாடியைச் சுற்றியுள்ள வேலையில் பெரும்பகுதி முப்பது பேருக்குக் கீழ் உள்ள இடங்களில்தான். மலைமேல் பத்து அறை விடுதி, ஒட்டன்சத்திரத்தில் கமிஷன் மண்டி, ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் நாற்றுப்பண்ணை. ரெட்டியார்சத்திரத்தில் இந்திய–இஸ்ரேல் கூட்டுறவில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. பசுமைக்குடிலில் குழித்தட்டு, தென்னைநார்க் கழிவில் முளைக்கும் தக்காளி, மிளகாய் நாற்று, சொட்டுநீர்க் குழாய் வழியாகவே உரம் போகும் ஏற்பாடு. பார்த்துவிட்டு வரும் விவசாயி தன் தோட்டத்திலும் சொட்டுநீர் போடுகிறார். சிறு, குறு விவசாயிக்கு அரசு 100 சதவீத மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் தருகிறது. குழாய் வந்துவிடும். ஆறு மாதத்தில் வடிகட்டியில் உப்புப் படிந்து, சொட்டுவான் அடைத்து, வரிசையின் கடைசிச் செடி வாடும்போது அதைப் பிரித்துச் சரி செய்ய ஆள் வேண்டும். இந்த வேலைக்கு ஐ.டி.ஐ. ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் பாதி தெரிந்தவர்கள். மீதிப் பாதிக்கு அவர்களை மூன்று மாதம் இந்த மாதிரி மையத்தில் உட்காரவைத்துப் படி கொடுத்தால், மானியம் போட்ட குழாய் வீணாகாது. குழாய்க்கு நூறு சதவீதம் தருகிற அரசு, அதைப் பழுது பார்ப்பவனுக்குப் பத்து சதவீதமாவது தரலாம்.

செலவு என்ன ஆகும்? ஆயிரத்தில் கை வைக்கக் கூடாது. அது படிப்பில் நிறுத்தும் பணம். அதன்மேல், ஒவ்வொரு மாவட்டமும் தன் தேவைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கும் சில தொழிற்பிரிவுகளுக்கு மாதம் இன்னொரு ஆயிரம் என்று வைப்போம். மாநிலம் முழுக்கப் பத்தாயிரம் பேர் என்றால் வருடத்துக்கு ரூ.12 கோடி. 2024–25இல் இரண்டு திட்டங்களுக்கும் ஒதுக்கிய ரூ.730 கோடியில் இது 1.6 சதவீதம். பிரிவுகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் மில் முதலாளிகள் சங்கம் மட்டும் உட்காரக் கூடாது, விவசாயியும் விடுதிக்காரரும் படித்து முடித்த பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை.

இன்னொரு கணக்கு இதைவிடப் பெரிது. புதுமைப் பெண் தொடங்கிய 2022–23இல் தமிழ்நாட்டுக்கான நூறு நாள் வேலைக் கூலி ரூ.281. அன்றைக்கு ஆயிரம் ரூபாய் என்பது மூன்றரை நாள் கூலி. 2025–26இல் கூலி ரூ.336, ஆயிரம் மூன்று நாள் கூலிக்குச் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. பழைய மதிப்பிலேயே நிறுத்தி வைக்க மாதம் ரூ.1,196 தர வேண்டும். ஆறு லட்சம் பிள்ளைகளுக்கு அந்த ரூ.196ஐக் கூட்டிக் கொடுத்தால் வருடத்துக்கு ஏறத்தாழ ரூ.141 கோடி. தொழிற்பிரிவுக்கான கூடுதல் தொகையைப் போலப் பன்னிரண்டு மடங்கு. நிதித்துறை இதற்கு உடனே தலையாட்டாது.

எது முதலில் என்று கேட்டால், இரண்டுக்கும் முன்னால் பாலிடெக்னிக் வருமான வரம்பை எடுத்துவிடுவேன். பி.ஏ.வுக்கு இல்லாத நிபந்தனை டிப்ளமோவுக்கும் வேண்டாம் என்று பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை ஓர் அரசாணை போட்டால் போதும். புது இணையதளம் வேண்டாம், புதுப் பெயர் வேண்டாம், தொடக்க விழாவும் வேண்டாம். டிப்ளமோ மாணவரின் வீட்டார் வருடா வருடம் வருமானச் சான்றுக்குக் கட்டும் அறுபது ரூபாயும் மிஞ்சும்.